சேலை கட்டுனா சிரிச்சே ஆகணுமா?

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சிட்டு இருந்த மேட்டர். இன்னிக்குக் கொட்டிடறேன். "காமெடி ஷோ பாத்துட்டுக் கோவப்படுற ஒரே ஆளு நீதான்யா"ன்னு சொல்லப் போறவங்க சொல்லிட்டுப் போங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்.

இன்னிக்கு டிவியில காமெடி ஷோன்னு ஒண்ணு பண்றதுக்கு என்ன வேணும்? என் அனுபவத்துல பாத்த சமையல் குறிப்பு இது:

1. சேலையோ நைட்டியோ மாட்டின ஒரு ஆம்பளை. லிப்ஸ்டிக் உதட்டைத் தாண்டி மூக்கு வரைக்கும் போகணும்.
2. குண்டா ஒருத்தர், கறுப்பா ஒருத்தர், குள்ளமா ஒருத்தர். அவங்க ஒண்ணும் பேச வேண்டாம், நின்னாப் போதும். மத்தவங்க பேசிக்குவாங்க.
3. ஒரு சினிமா நட்சத்திரம். அடுத்த வாரம் ரிலீஸ் ஆகப் போற படத்துக்காக வந்திருப்பார்.
4. நடுவர்கள். இவங்கதான் முக்கியம். ஜோக் வந்தாலும் வராட்டியும் நாற்காலியிலேர்ந்து சரிஞ்சு விழுந்து சிரிக்கணும். அதை ஸ்லோமோஷன்ல மூணு தடவை காட்டுவாங்க.

நாலாவது ஐட்டத்தை நல்லா யோசிச்சுப் பாருங்க. நாம சிரிக்கிறதுக்குப் பதிலா அவங்களே சிரிச்சிடறாங்க. வேலை மிச்சம்!

"சும்மா பழசைத் தூக்கி வச்சுப் பேசாதே"ன்னு ஒரு குரல் கேக்குது. பழசுலயும் மொக்கை இருந்துச்சு சாமி, யார் இல்லேன்னா? கடி ஜோக்குகளைக் கோணி மூட்டையில கட்டி இறக்கின காலம் அது. ஆனா நல்லது எது, ஏன் நல்லா இருந்துச்சுன்னு பாக்கணும்ல?

'ரமணி வெர்சஸ் ரமணி' எடுத்துக்கோங்க. கே.பாலசந்தரோட மின் பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், 1998. புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி. ரெண்டு பேருக்கும் நடக்குற மல்லுக்கட்டுதான் மொத்தக் கதையும். அதுல பொண்டாட்டி ஜோக்குக்கான பொருள் இல்லீங்க, ஜோக் அடிக்கிற ஆளு. ரெண்டாவது பாகத்துல தேவதர்ஷினியோட டைமிங்கை இன்னிக்குப் பாத்தாலும் அசந்து போவீங்க. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வுல மாமியார் மருமக சண்டைங்கற அரதப் பழசான சரக்குதான். ஆனா நளினி நின்னு விளையாடுவாங்க, எம்.எஸ்.பாஸ்கரோட பட்டாபியை இன்னும் ஊரே ஞாபகம் வச்சிருக்கு. பொம்பளைங்க நடத்திட்டுப் போன காமெடி அது. இன்னிக்கு பொம்பளை வேஷத்துக்கே ஆம்பளையைக் கூட்டிட்டு வந்துட்டு, மேடையில இருக்குற நிஜப் பொண்ணை வழியறதுக்கு மட்டும் வச்சிருக்காங்க.

அடுத்து நம்ம 'லொள்ளு சபா'. 2003-ல விஜய் டிவியில ஆரம்பிச்சது. ராம்பாலா இயக்கம். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, 2024-ல நம்மை விட்டுப் போன சேசுன்னு ஒரு பட்டாளம். யோகி பாபுவும் அந்தப் பட்டறையிலேர்ந்து வந்தவர்தான். அட்டை செட்டு, சில்லறை பட்ஜெட்டு. ஆனா கை வச்சது யார் மேல? தியேட்டர்ல நூறு நாள் ஓடின படங்க மேல, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் வாங்கின ஹீரோக்கள் மேல. அந்த நடை, அந்த முடி கோதல், அந்த பஞ்ச் டயலாக்... ஒண்ணையும் விடல. அதுலயும் சேலை கட்டின ஆம்பளைங்க இருந்தாங்க, உருவக் கேலி இருந்துச்சு, மறுக்கல. ஆனா எபிசோடு முடியும்போது அடி வாங்கினது மேல இருக்குற ஆளு.

என் ஒரே கேள்வி இதுதான்: அடி யாருக்கு விழுது?

அன்னிக்கு மேல விழுந்துச்சு, இன்னிக்குக் கீழ விழுது. ஏன்னா அந்த மூணாவது ஐட்டம். நட்சத்திரத்தையே சோபாவுல உக்கார வச்சுப் படத்துக்கு விளம்பரம் பண்றப்ப, அவர் நடிப்பை எப்படிக் கிண்டல் பண்றது? அரசியல்வாதியைக் கிண்டல் பண்ணலாம்னா, கட்சிக்கு ஒரு சேனல் இருக்குற ஊரு இது. மிச்சம் இருக்குறது யாரு? திருப்பிக் கேக்க முடியாத ஆளுங்க. குண்டானவங்க, கறுப்பானவங்க, திருநங்கைகள், பொண்டாட்டி, மாமியார்.

இதுல நடிக்கிறவங்களை நான் குத்தம் சொல்லல. ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, கோவை குணா... மூணு பேருமே இன்னிக்கு இல்ல. ஊர் ஊரா மேடையேறி வந்த உழைப்பாளிங்க. ரோபோ மாதிரி ஆடி ஆடியே பேர் வாங்கின ஒரு உடம்பு எவ்வளவு பாடுபட்டிருக்கும்! அப்படிப்பட்ட திறமைக்கு ஒழுங்கா எழுதிக் குடுக்க ஒரு எழுத்தாளரைப் போடாம, ஒரு நைட்டியைக் குடுத்து "போய் சிரிக்க வை"ன்னு தள்ளிவிட்டாங்களே, அவங்களைத்தான் திட்டுறேன்.

"ஆம்பளை பொம்பளை வேஷம் போடறது நம்ம கலாச்சாரம்தானே"ன்னு மடக்குவாங்க. இதைக் கேட்டாத்தான் எனக்கு பீபி எகிறும். எங்க பெண்ணாடம் பக்கம், வெள்ளாத்தங்கரை ஊர்கள்ல, இந்தத் தென்னாற்காடு முழுக்க, தெருக்கூத்து பாத்து வளந்தவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க. கூத்துல திரௌபதியும் ஆம்பளைதான். மீசையை மழிச்சு, சேலை கட்டி, தெரு நடுவுல நிப்பார். துகிலுரிதல் நடக்கறப்ப எவனாவது சிரிச்சிருக்கானா? கற்பூரம் ஏத்திக் கும்பிடுவாங்கய்யா! அந்தச் சேலைக்குள்ள இருக்குறது அவங்களுக்கு அம்மன்.

அப்ப சிரிப்பு எங்க? அதுக்குத்தான் கட்டியக்காரன் இருக்கான். ராஜா திரைக்குப் பின்னாடி நின்னு தன் பெருமையைப் பாடப் பாட, இவன் முன்னாடி நின்னு வாருவான். துரியோதன மகாராஜாவையே "நீ யாருப்பா, எதுக்கு வந்தே?"ங்கற தோரணையில கேப்பான். விடிய விடிய முழிச்சிருக்குற கூலிக்காரங்க அந்த நக்கலுக்குத்தான் சிரிப்பாங்க. எங்க ஊரு காமெடியோட இலக்கணம் இது: சேலைக்கு மரியாதை, கிரீடத்துக்கு நக்கல். டிவி இதை அப்படியே தலைகீழாப் புரட்டிடுச்சு.

டிவியோட நின்னாக்கூடப் பரவாயில்ல. இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மூணு பசங்க நைட்டி மாட்டிக்கிட்டு, டிவியில பாத்ததை வரி மாறாம நடிச்சானுங்க. அதுல ஒரு வசனம் குண்டான பொண்ணைப் பத்தி. சொன்னவன் அப்படியே மூணாவது வரிசையில உக்காந்திருந்த ஒரு பொண்ணைக் கை காட்டினான். எட்டாவது படிக்கும் போல. கூட்டமே திரும்பிப் பாத்து சிரிச்சுது, முன் வரிசையில இருந்த பெரியவங்களும் சேத்து. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. வேற என்ன பண்ணும்? துப்பட்டாவை இழுத்து வயித்தை மறைச்சுக்கிட்டு சிரிச்சுது. எந்த நடுவரும் அதை ஸ்லோமோஷன்ல காட்டல.

"பிடிக்கலேன்னா சேனலை மாத்து"ங்கறவங்களுக்கு: நான் மாத்திட்டேன் சார். அந்தப் பொண்ணு எதை மாத்தும்?

புதுசுல எல்லாமே குப்பைன்னு சொல்ல மாட்டேன். 2019-ல வந்த 'குக் வித் கோமாளி' சில சமயம் நெசமாவே சிரிக்க வச்சுது. ஏன்? சமையல் போட்டின்னா ஒரு வீறாப்பு இருக்கும்ல, அந்த வீறாப்புல கோமாளிங்க மண்ணை அள்ளிப் போட்டாங்க. பாதிக் கட்டியக்காரன் வேலை அது. பெண் போட்டியாளர்கிட்ட வழிய ஆரம்பிச்சாங்களோ, அங்கதான் பழைய சாக்கடைக்குள்ள திரும்ப விழுந்துச்சு.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. நடுவருக்குக் குடுக்குற காசுல கொஞ்சத்தை எழுதுறவங்களுக்குக் குடுங்க. அதுல நாலு பேராவது பொண்ணுங்களா இருக்கட்டும். நாமளும் சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு விநாடி, அடி யாருக்கு விழுதுன்னு பாப்போம். வீட்டுல நண்டு சிண்டு பக்கத்துல உக்காந்திருந்தா கண்டிப்பாப் பாப்போம்.

டிஸ்கி: இவ்வளவு படிச்சும் "ஒரு ஜோக் கூட இல்லையே"ன்னு நினைக்கிறவங்க, பக்கத்துல ஒரு நடுவரை உக்கார வச்சுக்கிட்டு மறுபடி படிக்கவும். அவர் சிரிப்பார்.