வேலையே தேகப்பயிற்சியா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் இன்று ‘ஜிம்’ பலகை கண்ணில் படுகிறது. மாலையில் அங்கே போகிறவர்களில் நமது தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கையில் கட்டிய கடிகாரம் நடந்த அடிகளை எண்ணுகிறது. தினம் பத்தாயிரம் அடி என்பது வேதவாக்காகிவிட்டது. 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வந்த ஒரு கம்பெனி அதற்குச் சூட்டிய பெயரிலிருந்து பிறந்த கணக்கு அது!

வாலிபர்கள் உடம்பைப் பேணுவதை நாம் வரவேற்கிறோம். நாம் கண்டிப்பது இதையொட்டிக் கிளம்பியுள்ள ஒரு பேச்சை. “நாள் முழுவதும் மூட்டை சுமப்பவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் தனியாக என்ன தேகப்பயிற்சி? வேலையே பயிற்சிதானே!” என்கிறார்கள் காலை நடை போகும் கனவான்கள். மிராசுதார் திண்ணையில் அன்று கேட்ட குரல்தான் இது. நம்மவர்களிலும் சிலர் இதைப் பெருமையாகத் திருப்பிச் சொல்கிறார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தைப் பாருங்கள். மூட்டை 40 கிலோ. ஜிம்மிலும் ஒரு வாலிபன் 40 கிலோ இரும்பைத் தூக்குகிறான். பத்துத் தடவை தூக்கி இறக்கிவிட்டு இரண்டு நிமிஷம் உட்காருகிறான். இன்று தோளுக்கு வேலை கொடுத்தால் நாளை அந்தத் தோளுக்கு ஓய்வு கொடு என்கிறார் பயிற்சியாளர். தசை வளர்வது தூக்கும்போதல்ல. அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான். முதுகு வலித்தால் எடையைக் குறைப்பார்கள்.

சுமைப்பணித் தொழிலாளிக்கு எடையைக் குறைப்பவர் யார்? லாரி காத்து நிற்கிறது. கூலியோ மூட்டைக் கணக்கு. இன்று நொந்த தோள்தான் நாளையும் சுமக்க வேண்டும். அரிசி ஆலையிலும் இதே கதைதான். சேற்றில் காலை முதல் குனிந்தே நிற்கும் நடவுப் பெண்ணிடம் ‘இடுப்புக்கு நல்ல பயிற்சி’ என்று சொல்லிப் பாருங்கள், தக்க பதில் கிடைக்கும்.

விஞ்ஞானமும் நம் பக்கமே பேசுகிறது. 1953ல் லண்டனில் டாக்டர் மாரிஸ் ஒரு விஷயத்தை வெளியிட்டார்: மாடி பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட இதய நோய் குறைவு. வேலையில் உடம்பு அசைந்தால் ஆரோக்கியம் என்ற எண்ணம் இதனால் வலுத்தது. ஆனால் 2018ல், 17 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டியே சாகும் அபாயம் மற்றவர்களைவிட 18 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. (பெண்களிடம் இந்த வித்தியாசம் காணப்படவில்லை.) ஓய்வில்லாமல் பல மணி நேரம் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தணியாமல் இருப்பது ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

கூலியைக் கொட்டிப் புரத மாவு டப்பா வாங்கும் வாலிபருக்கும் ஒரு வார்த்தை. அந்த மாவைத் தவிர்க்கும்படி 2024ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லிவிட்டது. நம் வயலில் சம்பா அறுப்புக்கு முன் தெளிக்கிறோமே, அந்தப் பாசிப்பயற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. முட்டை இருக்கிறது, மீன் இருக்கிறது.

மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. நல்லதே. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில்தான், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை அதே சர்க்கார் சட்டசபையில் நிறைவேற்றியது! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தடியில் நின்றவன் எந்தப் பாதையில் நடப்பான்? எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நமக்கென்று கேட்டார்களே, அந்த மூன்றாவது எட்டில்தான் சிலம்பமும் கபடியும் இருக்கின்றன.

கொள்முதல் நிலையங்களில் சுமைக்குப் போதிய ஆள் வேண்டும். இடையில் உட்காரக் கூலியோடு நேரமும், நிழலும், குடிதண்ணீரும் வேண்டும். தெருப்பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும். அடுத்த கொள்முதல் தொடங்கும் முன்பே சங்கக் கிளைகள் நிலையம் நிலையமாக இவற்றை எழுதிக் கொடுக்கட்டும்.