பேயான பிறகுதான் பெண்ணுக்கு நீதியா?

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் என்னும் ஊர்ப்பெயரிலேயே இரண்டு மொழிகள் குடியிருக்கின்றன. ‘வெதுரு’ மூங்கிலைக் குறிக்கும் தெலுங்குச் சொல். ‘குப்பம்’ நமக்கு நன்கு தெரிந்த சொல். இந்த வட்டாரத்தில் ஒரே பேய்ப்படத்தைத் தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏராளம். ‘அருந்ததி’யின் ஜேஜம்மாவையும், ‘சந்திரமுகி’யின் கங்காவையும், ‘காஞ்சனா’வையும் இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்தப் படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் உள்ளன. ‘கதாநாயகன் இல்லாமலே ஒரு பெண் படத்தைத் தாங்குகிறாள், வில்லனைக் கொல்கிறாள், இதுவே பெண் விடுதலை’ என்பது ஒன்று. ‘பேய், பில்லி, சூனியம் எல்லாம் மூடநம்பிக்கை, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது’ என்பது மற்றொன்று. முதலாவது முதலாளித்துவப் பத்திரிகைகளின் பேச்சு. இரண்டாவது பெரும்பாலும் நம் தோழர்களின் பேச்சு. இரண்டுமே தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீலியும் கங்கம்மாவும்

1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தின்படி சென்னை மாநிலத்தில் சேரும் வரை, திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்தான், தமிழ் மரபின் மிகப் புகழ்பெற்ற பெண்பேயான நீலியின் ஊர். கணவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண் அவள். மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைப் பேயுருவில் தொடர்ந்து, ஊர்ச்சபையின் முன் அழுது வாதிட்டு, இறுதியில் பழிதீர்க்கிறாள். வணிகனின் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்பது கதை.

அந்த எழுபது பேரின் வாய்மையை மரபு போற்றிக் கொண்டாடியது. கொலையுண்ட பெண்ணுக்கு அது கொடுத்தது என்ன? ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல்லை. கணவன் கையால் மாண்டவள் சபையில் நின்று அழுத அழுகை, பொய் அழுகைக்குப் பெயராகிவிட்டது. ஆளும் வர்க்கத் தலைவர்களைச் சாடும்போது நாமும் மேடையில் கூசாமல் அந்தச் சொல்லைக் கையாளுகிறோம். புகார் சொல்ல வரும் பெண் நடிக்கிறாள் என்ற சந்தேகம் காவல் நிலையத்தில் மட்டும் இல்லை, நம் நாவிலும் இருக்கிறது.

இதே நீலியை வேறு விதமாகப் பார்த்த நூலும் தமிழில் உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில் பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரிடம் அறம் கேட்டு, தருக்கம் கற்று, சமயவாதிகளை ஒருவர் பின் ஒருவராக வாதுக்கு அழைக்கிறாள். பொருள்முதல்வாதிகளான பூதவாதிகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளது முடிவுகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும், பேய் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் வாயில் அலறலுக்குப் பதிலாகத் தருக்கத்தை வைத்த அந்தத் துணிவு, நம் திரையுலகுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நடைபெறும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையின் பின்னணிக் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. ஊர்ப்பெண்களைச் சூறையாடி வந்த ஒரு பாளையக்காரனை, வேடம் மாற்றி மாற்றித் தேடிச் சென்று, தலை கொய்தாள் கங்கம்மா என்கிறது அக்கதை. அவள் பூண்ட வேடங்களில் தோட்டியும் உண்டு, துரையும் உண்டு. இன்றும் அந்நாட்களில் ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு தெருவில் வருகிறார்கள். அதிகாரம் படைத்தவன் பெண்ணைச் சீரழித்தான், அவனைத் தண்டிக்க எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை என்ற நினைவைத்தான் மக்கள் தெய்வமாகவும் பேயாகவும் காத்து வந்திருக்கிறார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர், அதற்குள் புதைந்துள்ள குற்றப்பத்திரிகையையும் சேர்த்தே தள்ளுகிறார்.

அரண்மனையில் யாருடைய குருதி?

1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. திரையில் ஜமீன் அரண்மனை ஒழியவில்லை. நம் பேய்ப்படங்கள் ஏன் திரும்பத் திரும்ப அரண்மனைக்கே போகின்றன? கொலைகள் அங்கேதான் நடந்தன என்பது மக்களுக்குத் தெரியும். மூலதனத்தைக் குருதி உறிஞ்சும் பிசாசுக்கு மார்க்ஸ் ஒப்பிட்டது அலங்காரத்துக்காக அன்று. செத்த உழைப்பு உயிருள்ள உழைப்பைத் தின்று வாழ்கிறது என்பதை விளக்கவே. நிலப்பிரபுத்துவத்தின் மாளிகைக்கும் அது பொருந்தும்.

ஆனால் படம் நம்மை யாருக்கு அஞ்சச் சொல்கிறது என்று பாருங்கள். ‘சந்திரமுகி’ (2005) படத்தில் நாட்டியக்காரியை அவள் விருப்பமின்றிக் கொண்டுவந்து அடைத்தவன் வேட்டையன் அரசன். அவளுடைய காதலனைக் கொன்றவனும் அவன், அவளை உயிரோடு எரித்தவனும் அவன். அந்தக் கொலைகாரனின் ‘லக லக’ சிரிப்பு சிறுவர்கள் விளையாட்டாகச் செய்து காட்டும் வேடிக்கையாயிற்று. எரிக்கப்பட்டவளின் சலங்கை ஒலி நடுங்க வைக்கும் ஒலியாயிற்று. இது தற்செயலா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதன் மூலமான மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழு’ (1993). அதில் பேயாகக் கருதப்படும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நாட்டியக்காரி. படம் தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்குக்காரி ஆனாள். இந்தியில் ‘பூல் புலையா’ (2007) ஆனபோது வங்காளி ஆனாள். ஒவ்வொரு மொழியும் தன் அச்சத்துக்கு அடுத்த மொழிக்காரியைத் தேர்ந்தெடுத்துக் கொண்டது. ஒரே வீட்டில் இரு மொழி பேசும் எல்லைப்புற மக்களுக்கு இது ஒரு பாடம்: அயலாள், கலைத்தொழில் செய்பவள், ஆணின் காவல் இல்லாதவள் ஆகிய மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்தால் அவளைப் பேயாக்குவது சுலபம்.

‘அருந்ததி’ (2009) வேறு வகை. கோடி ராமகிருஷ்ணா இயக்கிய இப்படம், பெரிய கதாநாயகன் எவரும் இன்றி அனுஷ்காவின் தோள்மீது நின்று ஆந்திரத்திலும் தமிழகத்திலும் வென்றது. நாயகிக்குச் சில காட்சிகளும் சில பாடல்களும் மட்டுமே ஒதுக்கிவந்த தொழிலில் இது சிறிய செய்தி அன்று. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பசுபதி என்ற கொடியவனிடமிருந்து மக்களைக் காப்பவள் யார்? கத்வால் சமஸ்தானத்தின் வாரிசு. சமஸ்தானம் பெற்ற கொடுமையைச் சமஸ்தானமே தீர்க்கிறது. மக்களோ அரண்மனை வாசலில் கைகூப்பி நிற்கிறார்கள். அந்த அரசகுமாரியும் தன் உயிரைக் கொடுத்து, தன் எலும்பையே ஆயுதமாக்கித் தந்த பிறகுதான் அடுத்த பிறவியில் வெல்ல முடிகிறது. உயிரோடிருக்கும் பெண்ணின் கையில் ஆயுதம் தர அந்தக் கற்பனைக்கும் மனம் வரவில்லை.

‘காஞ்சனா’ (2011) வில் கொல்லப்படும் திருநங்கையின் சிக்கல் வெளிப்படையானது: மருத்துவமனை கட்ட அவள் வாங்கிய நிலம் ஆளும் புள்ளியின் கண்ணை உறுத்துகிறது. நிலப்பறிப்பைப் பேசிய படம் அது. ஆனால் அவளுக்கான நீதி பதிவாளர் அலுவலகத்திலும் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை. கதாநாயகனின் உடலுக்குள் புகுந்து ஆடும் ஆட்டத்தில்தான் இருக்கிறது.

நோய் பேயாக மாறிய கதை

‘மணிச்சித்திரத்தாழு’ம் ‘சந்திரமுகி’யும் ஒரு விஷயத்தில் முற்போக்கானவை. நாயகியைப் பிடித்திருப்பது பேய் அன்று, மனநோய் என்று அவை சொல்லின. மருத்துவரை முன்னிறுத்தின. கணவன் வேலையில் மூழ்கியிருக்க, பெரிய வீட்டில் தனித்துவிடப்பட்ட ஒரு பெண்ணின் மனம் எப்படிப் பிளவுபடுகிறது என்பதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஷோபனாவுக்கு அந்த வேடம் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

அந்தப் பாதை எங்கே முடிந்தது? ‘பூல் புலையா’வின் இரண்டாம் பாகத்தில் (2022) பேய் உண்மையாகவே வந்தது. அதே இயக்குநர் பி.வாசு எடுத்த ‘சந்திரமுகி 2’ (2023) படத்திலும் ஆவி உண்மையாகிவிட்டது. காரணம் தத்துவம் அன்று, வணிகம். குணமான நோயாளிக்கு இரண்டாம் பாகம் கிடையாது. சாகாத பேய்க்கு எத்தனை பாகம் வேண்டுமானாலும் உண்டு. ‘அரண்மனை’ 2014-இல் தொடங்கி 2024-இல் நான்காம் பாகத்தை எட்டியது. பகுத்தறிவு ஒரு முறைதான் விற்கும், அச்சம் ஆண்டுதோறும் விற்கும் என்பது மூலதனத்தின் கணக்கு.

அச்சம் திரையோடு நிற்பதில்லை. 2021 ஜனவரியில், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், உயர்கல்வி கற்ற பெற்றோர் தம் இரு மகள்களைக் கொன்றனர். மகள்கள் மீண்டும் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. ஏதோ ஒரு படம் இதைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொறுப்பின்மை. ஆனால் பட்டம் மட்டும் பகுத்தறிவைத் தருவதில்லை என்பதும், மனநலம் குன்றும்போது மருத்துவரை நாடும் பழக்கத்தைச் சமூகம் வளர்க்காவிட்டால் பலியாவது பெரும்பாலும் பெண்ணே என்பதும் நம் மாவட்டத்திலேயே குருதியில் எழுதப்பட்டுவிட்டன.

அந்தக் குரல் யாருடையது?

நினைவில் நிற்கும் நாயகி என்று நாம் சொல்லும்போது, அவளைச் செய்த உழைப்பாளிகளை நினைக்கிறோமா? ‘மணிச்சித்திரத்தாழு’வில் நாகவல்லி தமிழில் சீறும் குரல் இன்றும் நம்மைச் சிலிர்க்க வைக்கிறது. அந்தக் குரலைத் தந்தவர் துர்கா என்ற பின்னணிக் குரல் கலைஞர். ஆனால் அந்தப் பெருமை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, கங்காவுக்குக் குரல் தந்த மற்றொரு கலைஞரின் பெயரிலேயே வழங்கிவந்தது. 2016-இல்தான் இயக்குநர் பாசில் உண்மையை வெளிப்படையாகச் சொன்னார். திரையில் பேயாக வந்தவளுக்குப் பெயர் இருந்தது. குரல் கொடுத்த உழைப்பாளிதான் ஆவியைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தார்.

கேரளத்தில் பெண் கலைஞர்கள் அமைப்பாகத் திரண்டதன் விளைவாக 2017-இல் ஹேமா குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 டிசம்பரில் அளிக்கப்பட்டும், 2024 ஆகஸ்டில்தான் வெளியிடப்பட்டது. பாலியல் சுரண்டல் மட்டுமின்றி, படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறைகூட இல்லாத நிலையையும் அது பதிவு செய்தது. பழிவாங்கும் பெண்ணைத் திரையில் காட்டிக் காசு பார்க்கும் தொழில், உயிருள்ள பெண்ணின் புகாரைக் கேட்க எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இந்தத் தேதிகளே சாட்சி.

பேயாகாத பெண்கள்

உண்மைக்கு அருகில் வந்த படங்களும் உண்டு. ‘மாயா’ (2015) வில் நயன்தாரா ஏற்ற அப்சரா, கைக்குழந்தையோடு கணவனைப் பிரிந்து கடனில் தத்தளிப்பவள். ஒரு பேய்ப்படத்தைத் தனியே அமர்ந்து பார்த்தால் பரிசுப் பணம் என்றதும் அவள் துணிந்து போகிறாள். பேயைவிடக் கடன்காரனே அவளுக்குப் பெரிய அச்சம். ‘பாகமதி’ (2018) யின் நாயகியோ, பேய் பிடித்தவளாக நடித்தே ஊழல் அரசியல்வாதியை வீழ்த்துகிறாள். படித்த, பதவியிலிருந்த ஒரு பெண்ணும் பேய் வேடம் போட்டால்தான் அவள் சொல் எடுபடுகிறது! இப்படங்கள் தம்மை அறியாமலே சமூகத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம் தந்துவிடுகின்றன.

ஆனால் பேயாகவும் மறுத்து, பேயாக நடிக்கவும் மறுத்து நின்ற பெண்களை நம் இயக்கம் அறியும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்து சூறையாடி, 18 மலைவாழ் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். செங்கொடி இயக்கம் துணை நிற்க, அப்பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அதிகாரிகளை அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள்! நீலி மறுபிறவி எடுத்தாள். வாச்சாத்திப் பெண்கள் இந்தப் பிறவியிலேயே வென்றார்கள்.

ஆந்திரத்தின் வாகபல்லி அதே உறுதியின் மறுபக்கம். 2007 ஆகஸ்டில் அதிரடிப்படையினர் வன்கொடுமை செய்ததாகப் பழங்குடிப் பெண்கள் 11 பேர் புகார் தந்தனர். 2023 ஏப்ரலில் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். விசாரணை முறையாக நடக்கவில்லை என்பதைச் சுட்டி, அப்பெண்களுக்கு இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் கூறியது. விசாரணையைக் கெடுக்கும் அரசு இருக்கும் வரை மக்கள் பேயிடமும் தெய்வத்திடமும் நீதி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

நமது கடமை

ஆகவே இந்தப் படங்களைப் புறக்கணிக்கச் சொல்வது நம் வேலை அன்று. கிளைகளும் மாதர் அமைப்புகளும் ‘அருந்ததி’யையோ ‘சந்திரமுகி’யையோ திரையிட்டு, கொன்றவன் யார், எதற்காகக் கொன்றான், ஏன் அவள் சாகும் வரை யாரும் வரவில்லை என்ற மூன்று கேள்விகளை முன்வைத்துப் பெண்களைப் பேச விடட்டும். நாம் குறுக்கிடாமல் கேட்போம். தபோல்கர் கொல்லப்பட்ட 2013-இல் மராட்டியமும், 2017-இல் கர்நாடகமும் இயற்றியதைப் போன்ற சட்டத்தை ஆந்திரத்திலும் தமிழகத்திலும் கோருவோம். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் வேண்டும் என்று போராடுவோம். திரைத்தொழிலில் உள்ள பெண்களுக்குப் புகார்க் குழுவும், முகம் தெரியாத கலைஞர்களுக்குத் திரையில் பெயரும் கேட்போம்.

அத்துடன், அடுத்த பொதுக்கூட்டத்தில் ‘நீலிக்கண்ணீர்’ என்று சொல்ல நா எழும்போது ஒரு கணம் நிறுத்துவோம். அவள் அழுதது உண்மை. அவள் உயிரோடு இருந்தபோது அதைக் கேட்க ஒரு சபை இருக்கவில்லை. அந்தச் சபையாக இருப்பதே நமது வேலை.