புதினாவுக்கு யார் வைத்தியர்?

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும்தான் ஞாபகம் வரும். சூளையைத் தாண்டி வெளியே வந்தால் மல்லாட்டையும் முந்திரியும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று பெயர் ஆரம்பிக்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கே பிறந்தவைதான். ஆகவே மல்லாட்டையில் அசுவினி விழுந்தால் போய்க் கேட்க ஒரு இடம் இருக்கிறது.

புதினாவில் விழுந்தால்? பத்து சென்ட், இருபது சென்ட் கீரைக்காரர் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் போவதில்லை. நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குத்தான் போகிறார்.

அந்த 'மருந்து' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். மனுஷனுக்குக் காய்ச்சல் என்றால் சீட்டு எழுதுவது ஒருவர், மருந்து விற்பது இன்னொருவர் (அதிலேயே ஆயிரம் கூத்து நடக்கிறது, அது வேறு கதை). செடிக்கு மட்டும் நோயைச் சொல்வதும், சீட்டு எழுதுவதும், விற்பதும், கடன் கொடுப்பதும் ஒரே ஆள். "இதுக்கு ஒண்ணும் அடிக்க வேணாம், நுனியைக் கிள்ளிப் போடுங்க" என்று சொன்னால் அவர் கல்லாவில் என்ன விழும்? காமர்ஸ் முதல் வருடம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும் இந்தக் கணக்கு. கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல விஷயம். ஏற்பாடே அப்படி.

அசுவினியின் கணக்கு இன்னும் மோசம். ஆண் பூச்சியே தேவையில்லாமல், முட்டையும் இடாமல், பெண் அசுவினி நேரடியாகக் குட்டி போடும். நம் ஊர் வெயிலில் அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டுக்கு முட்டையிலிருந்து வண்டாக மூன்று நாலு வாரம் ஆகும். கண்டதையும் கொல்லும் விஷத்தை அடித்தால் இரண்டும் சாகும். ஆனால் முதலில் திரும்பி வருவது எது? அசுவினிதான். உடனே இரண்டாவது பாட்டில். இந்த வியாபாரத்துக்கு விளம்பரமே தேவையில்லை.

மல்லாட்டையாவது தோலுக்குள், மண்ணுக்குள் இருக்கிறது. புதினாவில் அடிக்கிற இடமும் தின்கிற இடமும் ஒன்றே, இலை. அதுவும் பச்சையாக அரைத்துச் சட்னி. "உப்புத் தண்ணியில கழுவினாப் போயிடும்" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: சாறு உறிஞ்சும் பூச்சியைக் கொல்ல விற்கப்படும் மருந்துகளில் பலவும் செடியின் சாற்றுக்குள்ளேயே ஏறி நிற்பவை. வெளியே கழுவி உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது?

அடித்த பிறகு இத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று ஒரு கெடு உண்டு. ஆனால் புதினா மாதிரிச் சின்னப் பயிர்களுக்கென்று பதிவான மருந்துகளே குறைவு. பருத்திக்கு எழுதிய பாட்டிலில் புதினாவுக்கு எத்தனை நாள் என்று எங்கே தேடுவது? அப்படியே தெரிந்தாலும், முகூர்த்த நாளில் கட்டு விலை ஏறினால் மறுநாள் விடியற்காலையில் அரிவாள் இறங்கிவிடும். கெடுவைத் தீர்மானிப்பது ரசாயனம் அல்ல, மார்க்கெட்.

மோனோகுரோட்டோபாஸ் கதை தெரியுமா? காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டு, மற்ற பயிர்களுக்கு விற்க விட்டிருந்தார்கள். பருத்திக்கு என்று வாங்கியது கீரைப் பாத்திக்குப் போவதை யார் பார்ப்பது? 2013ல் பீகாரில், சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில், அதே விஷம் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்தார்கள். அதற்கும் பத்து வருடம் கழித்து, 2023ல்தான் அதன் 36 சதவீதக் கரைசலுக்கு மத்திய அரசு தடை ஆணை போட்டது.

2015ல் கேரளா, தமிழ்நாட்டுக் கறிவேப்பிலையிலும் காய்கறியிலும் மருந்து அதிகம் என்று சத்தம் போட்டது. இங்கே அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எல்லை தாண்டிப் போன கட்டைப் பற்றி அத்தனை சண்டை. எல்லைக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்ட கட்டை யார் சோதித்தார்கள்?

அசுவினிக்கு வழியே இல்லையா என்றால், புதினா அளவுக்குச் சுலபமான பயிர் வேறு கிடையாது. வேரோடு ஒட்ட அறுத்தாலும் தழைக்கும். பூச்சி முற்றிய பாத்தியை அடியோடு அறுத்து அப்புறப்படுத்தினால் கூட்டத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். யூரியாவை அள்ளிப் போட்டுத் தளதள என்று வளர்த்தால் அசுவினிக்கு அதுவே விருந்து. அதைக் குறைக்கலாம். தேன் போன்ற கழிவுக்காக அசுவினிக்குக் காவல் நிற்கும் எறும்பை விரட்டலாம். பிறகு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. கூலி ஆகும் என்பது உண்மை. இரண்டாவது, மூன்றாவது பாட்டிலின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

வாங்குகிறவர்களும் யோக்கியமில்லை. ஒரு இலையில் ஓட்டை இருந்தால் கட்டையே தள்ளிவிடுகிற கை, மருந்து அடி என்று சொல்லாமல் சொல்கிறது.

கடை பில்லில் இரண்டே இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்லலாம்: எந்தப் பயிருக்கு, அடித்த பிறகு எத்தனை நாள் அறுக்கக் கூடாது. பேனா மை தவிர வேறு செலவில்லை. அந்த இரண்டு வரியை எழுதத் தயங்குகிற கடைக்காரர், அந்தப் பாட்டிலைப் புதினாவுக்கு என்று விற்கவே கூடாது.