மறுப்புக் கடிதமும் 30 நாளும்

டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'விசா சத்திரம்'. கனடா இண்டர்வியூவுக்கு வருகிறவர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். நல்லபடியாக முடிந்தால் ஊரிலிருந்து ஸ்வீட் பாக்கெட் வரும். முடியாவிட்டால் போன்கூட வராது.

அந்தப் போன் வராத பழக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

2012-ல் வந்தவள் என் சித்தப்பா மகள். கும்பகோணத்துப் பெண். மாப்பிள்ளை மிஸிஸாகாவில் வேலை, விவாகரத்து ஆனவர், இவளைவிட ஒன்பது வயது பெரியவர். எல்லாம் தெரிந்து, பேசிப் பிடித்துத்தான் சம்மதித்தாள். ஆனால் ஊருக்குத் தெரியக்கூடாதே! மண்டபம் வைத்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்று சுவாமிமலையில் நாற்பது பேரோடு தாலி கட்டி முடித்தார்கள். ரிசப்ஷன் கிடையாது. போட்டோ மொத்தம் பன்னிரண்டு. பதினாறாம் நாள் மாப்பிள்ளை ஃப்ளைட் ஏறிவிட்டார்.

இதை அப்படியே ஒரு விசா அதிகாரியின் மேஜையிலிருந்து பாருங்கள். வயது வித்தியாசம், அவசரக் கல்யாணம், ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாத சின்னக் கல்யாணம், பெண்ணுக்குக் கணவரின் ஷிப்ட் நேரம் சரியாகத் தெரியவில்லை. கடிதத்தில் இருந்த காரணங்களும் இவைதான். நாம் தெருவுக்கு மறைத்தது ஃபைலில் சந்தேகமாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு விஷயம். கனடா விதிகளின் 4-ஆம் பிரிவு 2010 செப்டம்பர் 30-ல் மாறியது. அதற்கு முன்னால், திருமணம் உண்மையானதல்ல, அதோடு முக்கியமாகக் குடியேற்றத்துக்காகவே செய்யப்பட்டது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் மறுக்க முடியும். அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இன்றும் அப்படித்தான். அதனால் நன்றாகக் குடித்தனம் நடத்துகிற ஜோடிக்குக்கூட, "கல்யாணம் செய்தபோது உங்கள் நோக்கம் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

கடிதம் வந்ததும் சித்தப்பா என்ன செய்தார்? பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்டவர்களிடம் "பேப்பர் வர லேட் ஆகுது" என்றார். ஜோசியர் குருப்பெயர்ச்சி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையிடம் யாரோ நண்பர், "விடுப்பா, புதுசா ஒரு அப்ளிகேஷன் போட்டுக்கலாம்" என்றிருக்கிறார். எனக்கு விஷயம் தெரிந்தது 23-ஆம் நாள். தங்கைதான் போன் செய்தாள்.

"அண்ணா, எனக்குக் கனடாவே வேண்டாம். ஆனா இது உண்மையான கல்யாணம் இல்லைன்னு எழுதியிருக்கே, அதை அப்படியே விட்டுடறதா?"

இப்படி ஒரு கடிதம் வந்தால் முன்னால் இருக்கும் வழிகள் இவைதான்.

முதல் வழி அப்பீல். வெளிநாட்டில் இருக்கும் துணைக்கான ஸ்பான்சர் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், ஸ்பான்சர் செய்தவர் இமிக்ரேஷன் அப்பீல் டிவிஷனுக்குப் போகலாம். இங்கே இருக்கும் மனைவி போட முடியாது, அங்கே இருக்கும் கணவர்தான் போட வேண்டும். மறுப்புக்கான காரணங்கள் அவர் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான் கெடு. பாதுகாப்பு, கடுமையான குற்றம் போன்ற காரணங்களுக்காக மறுத்திருந்தால் இந்த உரிமை கிடையாது. பொய்த் தகவல் தந்ததாகச் சொல்லி மறுத்திருந்தால் 5 வருஷத் தடை வரும். ஆனால் அதிலும் கணவன் மனைவிக்கு அப்பீல் உரிமை உண்டு.

இந்த அப்பீலின் பலம், பழைய ஃபைலோடு அது முடிந்துவிடுவதில்லை. மறுப்புக்குப் பிறகு நடந்ததையும் சாட்சியமாக வைக்கலாம். கணவர் மறுபடி வந்து தங்கியது, போன் பில், அனுப்பிய பணம், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மருமகள் போய்ப் பார்த்துக்கொண்டது என்று எல்லாமே கணக்கில் வரும். கஷ்டம் என்னவென்றால் காலம். ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கலாம்.

இரண்டாவது வழி, புதிதாக விண்ணப்பிப்பது. ஏதோ ஒரு பேப்பர் விட்டுப்போனதுதான் காரணம் என்றால் இது நல்ல வழி. ஆனால் 'உண்மையான கல்யாணம் இல்லை' என்று எழுதிய பிறகு அதே பன்னிரண்டு போட்டோவோடு மறுபடி போனால் பதில் எப்படி மாறும்? பழைய மறுப்பை மறைக்கவும் முடியாது, விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். ஸ்பான்சர் 5 டாலர் கட்டி, மனைவியின் சம்மதக் கையெழுத்தோடு அதிகாரி எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். அதைப் படிக்காமல் இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள். ஆனால் குறிப்பு வரட்டும் என்று காத்திருந்து 30 நாளைக் கோட்டை விடவும் கூடாது.

மூன்றாவது, கோர்ட். அப்பீல் உரிமை இருப்பவர்கள் அதை முடிக்காமல் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக முடியாது. கனடாவுக்குள்ளேயே இருந்துகொண்டு 'இன்லேண்ட்' வகையில் விண்ணப்பித்தவர்களுக்கு அப்பீல் கிடையாது. அவர்கள் 15 நாளுக்குள் கோர்ட்டில் அனுமதி கேட்க வேண்டும்.

நாலாவதை யாரும் சொல்ல மாட்டார்கள். கணவர் திரும்பி வருவது. வேலை தேடி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து உட்கார்ந்திருக்கும் நான் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் சேர்ந்து வாழத்தான் கல்யாணம், பி.ஆர். கார்டுக்கு இல்லை. அந்தப் பேச்சையாவது ஒரு தடவை வீட்டில் பேசிவிட வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஒரு வக்கீலைப் பிடித்து 27-ஆம் நாள் அப்பீல் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து சித்தப்பா வீட்டிலேயே தங்கினார். 'சின்னக் கல்யாணம் ஏன்?' என்ற கேள்விக்கு வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார். பெண்ணின் அப்பா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த விஷயம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று சித்தப்பா பயந்தாரோ, அதையே நோட்டரி முன்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். "மாப்பிள்ளை விவாகரத்து ஆனவர் என்று ஊரார் பேசுவார்கள் என்பதால் எளிமையாகச் செய்தோம்." அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார்.

விசாரணை அன்று டொரண்டோவில் காலை, எங்களுக்கு ராத்திரி ஏழரை. எங்கள் வீட்டு உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தங்கை போனில் சாட்சி சொன்னாள். ஷிப்ட் நேரத்தை இந்தத் தடவை சரியாகச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். அப்பீல் ஜெயித்தது. அதற்கப்புறம் மெடிக்கல் அது இது என்று முடிந்து அவள் கிளம்பியபோது கல்யாணமாகி மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. நடுவில் உறவுக்குள் என்னென்ன பேசினார்கள் என்பதை எழுதப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். மறுப்புக் கடிதம் உங்கள் பெண்ணைப் பற்றிய தீர்ப்பு இல்லை. உங்கள் ஃபைலைப் பற்றிய தீர்ப்பு. ஃபைலைச் சரிசெய்யலாம், 30 நாள் போனால் சுலபத்தில் திரும்பாது. நாம் அந்த நாட்களைச் செலவழிப்பது வெட்கப்படுவதில். கடிதம் வந்த அன்றைக்கே விவரம் தெரிந்த ஒருவருக்காவது போன் செய்யுங்கள். ஸ்வீட் பாக்கெட் வேண்டாம். போன் போதும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சத்திரம் நடத்துகிறவன். விதிகள் மாறும், ஒவ்வொருவர் கேஸும் வேறு. லைசென்ஸ் உள்ளவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். "பழைய மறுப்பைச் சொல்லவே வேண்டாம்" என்கிற ஏஜெண்ட் கிடைத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.