வெண்கோலுக்குப் பிடிபடும் வழி

கட்டடத்தை ஒப்படைக்கும் நேரத்தில் நுழைவுக்கூடத்தில் ஒரு தொட்டுணர் வரைபடத்தை மாட்டிவிட்டால் பார்வையற்றோருக்கான வேலை முடிந்தது என்றே நம் துறையில் பலர் நினைக்கிறோம். அந்தப் பலகை எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கண் தேவைப்படுகிறது. தொட்டுவிட்டாலும் சிக்கல் தீராது. நடுவயதில் பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெயில் தெரியாது. தெரிந்தவரும் மூன்று தளங்களை விரலால் படித்து, மனத்தில் சுமந்துகொண்டே நடக்க வேண்டும்.

வரைபடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே எழுதவேண்டிய ஒன்றை நாம் எழுதுவதில்லை: வாசலிலிருந்து கவுன்டர் வரை, கவுன்டரிலிருந்து கழிப்பறை வரை, சொற்களால் ஆன வழி. வீட்டிலேயே கைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படலாம்.

‘வரவேற்பறை தாண்டி இடப்பக்கம், நீலப் பலகை அருகே’ என்பது பார்ப்பவருக்கான குறிப்பு. கோலோடு வருபவருக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும்: ‘கதவை உள்ளே தள்ளுங்கள். மிதியடி முடிந்ததும் வழவழப்பான தரை. வலப்பக்கச் சுவரை ஒட்டியே வாருங்கள். இரண்டு கதவுகளைக் கடந்ததும் சுவர் முடியும். கூரை உயர்வதால் கோலின் ஓசை மாறும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் லிஃப்ட்.’ இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் காலோ கையோ காதோ சரிபார்க்க முடிகிறது. வழி தவறினால், எங்கே தவறியது என்றும் தெரிந்துவிடும். ‘பதினைந்து அடி எடுத்து வையுங்கள்’ என்பதுதான் உதவாது. ஆளுக்கு ஆள் நடை மாறும்.

கருவிகளை நம்புவோருக்கும் இதே பாடம்தான். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் கைகொடுக்காது என்பதால், லண்டன் பிம்லிக்கோ சுரங்க ரயில் நிலையத்தில் 2015இல் புளூடூத் சமிக்ஞை அனுப்பும் சிறு பீக்கன்களை வைத்து, கைபேசியில் குரலால் வழி சொல்லும் ‘வேஃபைண்டர்’ சோதனை நடந்தது. அந்த முயற்சியை ஒட்டிப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் எஃப்.921 பரிந்துரையை வெளியிட்டது. எதை, எந்த இடத்தில், எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு அதில் முக்கிய இடம் உண்டு. பேட்டரி தீர்ந்தால் பீக்கன் ஊமை. எழுதி வைத்த வழிக்குப் பேட்டரி வேண்டாம்.

சட்டமும் இதைத் தொடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் குறித்த ரஜீவ் ராத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், அணுகல் வழிகாட்டுதல்கள் வெறும் பரிந்துரையாக நிற்பதை ஏற்காமல், கட்டாய விதிகளைத் தனியே வகுக்கச் சொன்னது. மீறினால் நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பதும் அதில் அடங்கும். சாய்தளத்தின் சரிவையும் கதவின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடலாம். வழிக்குறிப்பு டேப்புக்குள் அடங்காது என்பதாலேயே விடுபட்டுப் போகும் என அஞ்சுகிறோம்.

எனவே, விதி கட்டாயப்படுத்துகிறதா என்று பாராமல், நிறைவு வரைபடங்களோடு வழிக்குறிப்பையும் ஒப்படைப்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். எழுதியதைப் பார்வையற்ற ஒருவர் தனியே நடந்து சோதிக்கட்டும். அதற்கு உரிய கட்டணம் கொடுங்கள், திறப்பு விழாச் சால்வை போதாது. கவுன்டர் இடம் மாறும் அன்றே குறிப்பைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் பெயர் போட்டு எழுதி வையுங்கள்.