முகாம் கலைந்த பிறகு

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

அவினாசி சாலையில் அரவிந்தும் சத்தி சாலையில் சங்கராவும் எனக் கண் மருத்துவமனைகள் அமையப்பெற்ற நமது ஜில்லாவுக்குக் கண்புரை சிகிச்சையைப் பற்றி எவரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. நான் எழுத முன்வந்தது அறுவையைப் பற்றியன்று. அது முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு முதியவர் ஊர் திரும்பிய பின்னர் வரும் சில தினங்களைப் பற்றியே.

கிருமி விழிக்குள் புகுந்து சீழ் கொள்ளச் செய்யும் எண்டோஃப்தால்மைட்டிஸ் அபூர்வமான வியாதிதான். அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையால், 10,000 கண்களுக்கு 7 என்றிருந்தது 2 ஆகக் குறைந்ததென்று, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை ஆராய்ந்த அரவிந்த் மருத்துவர்கள் 2017-ல் காட்டினார்கள். ஆயினும் அந்த இருவரில் ஒருவர் ஆனைகட்டியிலோ அன்னூரிலோ இருந்து, கண் சிவந்து பார்வை மங்குகிறதென்று சொல்லும்போது, "ஆப்பரேசன் பண்ணுன கண்ணு, ரெண்டு நாளைக்கு அப்படித்தான் உறுத்துமுங்க" என்று வீட்டார் அன்போடு ஆறுதல் கூறி, மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தையும் வாங்கிவிட்டால், விழிக்குள் வான்கோமைசினும் செஃப்டாசிடிமும் ஊசியால் செலுத்திக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தப் பொழுது கழிந்துபோகிறது. வலியே இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு என்பது இன்னும் கொடுமை. வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலைக்குப் பார்வை இறங்கிவிட்டாலோ, விட்ரெக்டமி என்னும் வேறொரு அறுவையை நாட வேண்டியதாகிறது.

2008-ல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தார் இலவச முகாம் வழியே அறுவை செய்துகொண்டதில், 66 பேர் பார்வை இழந்தனர். அசுத்தமான ஒரு திரவமோ சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத ஒரு கருவியோ ஓர் அரங்கில் நுழைந்தால், நோய் ஒருவரோடு நிற்பதில்லை. ஆதலால் ஒருவருக்குக் கண்டவுடனே அரங்கை மூடி, அன்று அதே மேஜையில் படுத்த அனைவரையும் அன்றைக்கே திரும்ப அழைத்துப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். எத்தனை அறுவை நடந்ததென்று இலக்குக் கேட்கும் நமது நிர்வாகம், எத்தனை கண்கள் பழுதாயின என்றும் அதே குரலில் கேட்கலாம் அல்லவா?

முகாமுக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல வண்டி எப்போதும் வருகிறது. நோய் கண்டவரைத் திரும்ப அழைத்துச் செல்லத்தான் வருவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் அறுவை செய்துகொண்டோர் பட்டியலும், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை நள்ளிரவில் இறங்கிவரும் வாகனத்தின் வாடகையை முகாம் நடத்துவோரே ஏற்கவேண்டுமென்பதை, தாங்கள் அடுத்து வழங்கும் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தருளக் கோருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் ஜில்லாவாசி ஒருவன்