தேயிலைப் பெட்டியின் எழுத்துக்கள்

தேநீர் அருந்தாத இல்லம் இந்நாட்டில் அரிது. அத்தேயிலைப் பெட்டியின்மீது பொறித்த எழுத்துக்களின் பொருளை அறிந்தவரோ அதனினும் அரியர். கண்டிக் கடைத்தெருவிலே ‘ஓ.பி.’, ‘பி.ஓ.பி.’, ‘டஸ்ட்’ என்றெழுதிய பொதிகள் வரிசையாக நிற்கின்றன. வாங்குவோர் பலர், பரீட்சைப் பெறுபேற்றைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்து, முதலாம் தரம், இரண்டாம் தரம், கடைத் தரம் எனத் தாமே தீர்ப்பளித்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அத்தீர்ப்புப் பிழையானது என்பதே என் துணிபு.

பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றுப்படச் செந்நிறமேறி, சூட்டில் உலர்ந்தபின் சல்லடைகளை வந்தடைகிறது. அங்கே பெயர் சூட்டுவது சல்லடைக் கண்ணின் அளவு. நீண்டு சுருண்ட இலை ‘ஒரேஞ்ச் பெக்கோ’. உடைந்தது ‘புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ’. அதனினும் சிறிய துணுக்கு ‘பேனிங்ஸ்’. யாவற்றினும் நுண்ணியது ‘டஸ்ட்’. தோடம்பழத்துக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘பெக்கோ’ என்பது இளந்தளிரின் வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லின் திரிபாகும்.

சிறு துணுக்கில் சாயம் விரைந்து இறங்கும். பாலுடன் அருந்துவோர்க்கு அது ஏற்றது. நீண்ட இலை மெல்ல இறங்கி, இளநிறமும் மென்சுவையும் தரும், வெறுந்தேநீருக்கு உகந்தது. ஆகவே ‘டஸ்ட்’ என்பது கூட்டித் தள்ளிய குப்பையன்று. நல்ல கொழுந்தின் தூள், முற்றிய இலையிலிருந்து செய்த நீளிலையிலும் மேலானதாகவே இருக்கும்.

அவ்வாறாயின் தரம் எங்கே பிறக்கிறது? முதலாவது, நிலத்தில். 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. 4,000 அடிக்கு மேல் விளைவது மலைநாட்டுத் தேயிலை. இடைப்பட்டது நடுநிலத் தேயிலை. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் இந்நடுநிலத்தைச் சேர்ந்தவை. நுவரெலியாத் தேயிலையின் இளநிறமும் நறுமணமும் ஒருவகை. கண்டித் தேயிலையின் செந்நிறமும் திண்மையும் மற்றொருவகை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே முதன்முதல் வணிகப் பயிராகத் தேயிலையை நட்ட லூல்கந்துரத் தோட்டமும் இக்கண்டி மாவட்டத்திலேதான் உள்ளது.

இரண்டாவது, கையில். இரண்டிலையும் ஓர் அரும்புமாகத் தேர்ந்து பறிக்கும் விரல்கள் பிழைத்தால், பின்னர் எந்த இயந்திரமும் அப்பிழையைத் திருத்தமாட்டாது. அவ்விரல்களுக்கு உரியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நம் மலையகத் தமிழ்ப் பெண்கள். ஆனால், அவர்களது நாட்கூலி பெரும்பாலும் பறித்த கொழுந்தின் நிறையைக்கொண்டே தீர்கிறது. தரத்தை ஆக்கும் கையைக் கூலி நிறையால் அளக்கிறது. பெட்டியோ இலையின் பருமனால் அளக்கிறது. தேர்ந்து பறித்த அறிவை அளப்பார் எவருமிலர். இதனினும் பெரிய முரண்பாடு வேறுண்டோ?

அயல்நாடொன்றை நோக்குவோம். ஸ்பெயின் நாட்டவர் உப்பிட்டு மாதக்கணக்காக உலர்த்தும் ஐபீரியப் பன்றித்தொடைக்கு, 2014இல் இயற்றிய விதியின்படி, கறுப்பு, சிவப்பு, பச்சை, வெள்ளை என நான்கு நிற முத்திரைகள் இடுகின்றனர். கறுப்பு முத்திரை, விலங்கு கலப்பற்ற இனத்தது என்றும், கொழுக்கும் பருவத்தில் கருவாலிக்காடுகளில் மேய்ந்து அதன் கொட்டைகளை உண்டது என்றும் உரைக்கிறது. வெள்ளையோ, அது பட்டியில் அடைபட்டுத் தீனி தின்றது என்பதை மறைக்காமற் சொல்கிறது. அம்முத்திரைகள் பொருளின் பிறப்பையும் வளர்ப்பையும் பேசுகின்றன. நம் பெட்டியின் எழுத்துக்கள் சல்லடையை மட்டுமே பேசுகின்றன.

இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை, உள்ளிருப்பது முற்றிலும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்று உறுதி கூறுகிறது. அது நன்று, ஆயினும் போதாது. எத்தோட்டம், எவ்வுயரம், எம்மாதம் என்பனவும், அவ்வெழுத்துக்களின் பொருளும் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பொதியிலும் இடம்பெறல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹந்தானையில், 1925இல் எழுந்த பழைய தொழிற்சாலைக் கட்டடம் இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. மாணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள், இயந்திரங்களைக் காட்டுங்கள். அவற்றுக்கு முன்னே மலைச்சரிவில் நிகழும் தெரிவையும் மறவாது சொல்லுங்கள். தரத்தின் முதல் எழுத்தை எழுதுவது அந்தக் கைதான்.